நட்பா, கட்டாயமா?
"மரம் வீடு தருகிறது, எறும்பு காவல் காக்கிறது, இரண்டும் நண்பர்கள்" என்று வேலமரத்தையும் அதில் குடியிருக்கும் எறும்பையும் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அந்த 'நட்பு' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

மெக்சிகோவில் மாட்டுக்கொம்பு போன்ற முள்ளுள்ள வேலமரம் ஒன்று இருக்கிறது. ஜோடி ஜோடியாக வீங்கிய முட்கள். நுனியருகே எறும்பு கடித்துப்போட்ட ஒரு துளை, உள்ளே குடித்தனம். சிற்றிலைகளின் நுனியில் புரதமும் கொழுப்பும் நிறைந்த மஞ்சள் மணிகள், இலைக்காம்பில் தேன். சும்மா சொல்லக் கூடாது, தடபுடலான விருந்துதான்!

ஆனால் அந்தத் தேனில் ஒரு சூது இருக்கிறது. எறும்பின் வயிற்றில் சுக்ரோஸைச் (நாம் உண்ணும் சாதாரண சர்க்கரை) செரிக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது என்று சூழலியலாளர் மார்ட்டின் ஹைல் குழுவினர் கண்டறிந்திருக்கிறார்கள். மரமோ தன் தேனில் சுக்ரோஸை உடைத்தே தருகிறது. ஒரு முறை குடித்துவிட்டால் வேறு கடையில் பற்று வைக்க வழியில்லை.

எறும்பும் லேசுப்பட்டதல்ல. கென்யாவில் இதேபோல எறும்பு குடியிருக்கும் வேறொரு வகை வேலமரங்களைச் சுற்றி, யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வராதபடி பத்தாண்டு வேலியிட்டுப் பார்த்தார்கள் (ஆய்வு 2008இல் வெளியானது). காவல் தேவைப்படாத மரங்கள் முள்வீட்டையும் தேனையும் குறைத்தன. எறும்புகள் என்ன செய்தன? மரத்தின் சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சிகளைக் கூடுதலாக மேய்த்து, அவை கசியவிடும் இனிப்பைக் குடித்தன.