“ஒரு கோழிக்கா?” என்று கேட்டவர்களுக்கு

நோய்வாய்ப்பட்ட என் முட்டைக்கோழி குண்டம்மாவுக்குச் செய்கிற வைத்தியத்தைப் பற்றி நேற்று எழுதியதைப் படித்திருப்பீர்கள். அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். “ஒரு கோழிக்கா இவ்வளவு?” என்ற கேள்வியும் அதற்கு விழுந்த 11 சிரிப்புப் பொம்மைகளும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நான் அழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஆமாம், ஒரு கோழிக்குத்தான்.

கேட்டவர் எனக்கு அண்ணன் முறை, அதனால் மரியாதையாகவே சொல்கிறேன். அண்ணா, அவளுக்கு என்ன நோய் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்துவிடுகிறது. அங்கே கிருமி சேர்கிறது, நீர் கோக்கிறது, வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தொங்குகிறது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. சேர்கிற நீர் நேராகக் காற்றுப் பைகளைத்தான் அழுத்தும். அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினாள். மருத்துவர் ஊசியால் நீரை இழுத்த அன்று மாலையே மண்ணைக் கிளறப் போய்விட்டாள். 9 நாள் நன்றாக இருந்தாள். பத்தாம் நாள் வயிறு மறுபடியும் பழையபடி.

“அறுத்துவிட வேண்டியதுதானே” என்றார் இன்னொருவர். நோய் பிடித்து மருந்து ஏறிய உடம்பைச் சாப்பிடக் கூடாது என்பதுகூடத் தெரியாமல் அறிவுரை சொல்ல வந்துவிடுகிறார்கள். சரி, விடுங்கள். “மற்றக் கோழிகளுக்குத் தொற்றிவிடாதா?” நியாயமான பயம்தான். என்ன நோய் என்று தெரியும்வரை தனியாகத்தான் வைத்திருந்தேன். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் நடுவில் ஒரு கம்பி வலை வைத்திருக்கிறேன். பலவீனமானதை மற்றவை கொத்தும். அதற்காகக் கண்ணில் படாமல் கொண்டுபோய் வைத்தாலோ, திரும்பி வரும்போது புதுக்கோழியாக நினைத்து இன்னும் மோசமாகக் கொத்தும். ஆக, வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவள். எல்லாம் யோசித்துத்தான் செய்கிறேன்.

எனக்கு உண்மையில் வலித்தது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பதில். “கஷ்டப்படுத்தாமல் அனுப்பி வைப்பதுதான் அன்பு” என்று ஒரு தோழி எழுதியிருந்தார், கும்பிடும் கைகளோடு. அவர் சொன்னதில் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அவளை ஒரு புகைப்படத்தில் பார்த்தவருக்கு இரண்டு வரியில் முடிவு எடுக்க முடிகிறது. நான் காலையில் கூண்டைத் திறக்கும்போது அவள் எழுந்து வருகிறாளா என்று பார்க்கிறேன். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை இரவுக்குள் காலியாகியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். எச்சத்தின் நிறத்தைப் பார்க்கிறேன். இன்று காலை சாப்பிட்டாள். சாப்பிட்டவளை எப்படி அனுப்பி வைப்பது? நேற்றே தெளிவாக எழுதினேனே, யாரும் அதுவரை படிக்கவில்லை போலிருக்கிறது: இன்னொரு முறை நீர் எடுப்போம், மூன்றாவது முறை கிடையாது. வலிக்கு மருந்து, சூடாக ஓர் இடம். தீவனத்துக்கு எழுந்து வராத நாளில் மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் அந்த ஊசியைப் போடுவார். இதைக் கொடுமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். பைத்தியக்காரத்தனம் என்பவர்களும் அப்படியே.

முட்டையை நிறுத்துகிற ஹார்மோன் மருந்தைத் தோலுக்கடியில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். விஷயம் தெரிந்தவர். அவருக்கு மட்டும் நேற்று பதில் சொல்லவில்லை. காரணம் இதுதான். முன்பே கொண்டுவந்திருந்தால் வைத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

முன்பே. அவளுக்குக் குண்டம்மா என்று பெயர் வைத்தது நான். வயிறு பெரிதாகத் தொடங்கியபோது, பெயருக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அசைந்து அசைந்து நடப்பதைப் படம் பிடித்து இங்கே போட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். தராசில் எடையும் கூடித்தான் இருந்தது. இறகை விலக்கி மார்பெலும்பைத் தொட்டுப் பார்த்திருந்தால் கத்தி மாதிரி கையில் தட்டியிருக்கும். மருத்துவர் என் விரலைப் பிடித்து அங்கே வைத்தபோதுதான் தெரிந்தது. கூடியதெல்லாம் நீர், உள்ளே அவள் இளைத்துக்கொண்டிருந்தாள். கோழி நோயை மறைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பார்க்காமல் இருந்ததற்கு அது சாக்கு ஆகுமா?

சரி, “கோழி என்றால் நோய் வரத்தான் செய்யும்” என்று தத்துவம் சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. காட்டுக்கோழி வருடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 15 முட்டைதான் இடும். இவள் இனம் 300 இடுகிறது. இயற்கையாக வந்த எண்ணிக்கையா அது? நமக்காக நாம் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயை ஆராய முட்டைக்கோழியைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள், அத்தனை சாதாரணமாக அது இவற்றுக்குத் தானாகவே வருகிறது. வாங்கிக்கொள்ளும்போது மட்டும் 300-ம் வேண்டும். உடம்பு உடைந்தால் “ஒரு கோழிக்கா?”

அண்ணா, போன வருடம் நீங்கள் வந்தபோது ஒரு டஜன் முட்டை கொடுத்தனுப்பினேன். கடைசியில் வைத்த நாலைந்து இவளுடையவை. நல்ல மஞ்சள் கரு என்று ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து சொன்னீர்கள்.

மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பதில்களை அப்புறம் வந்து பார்க்கிறேன். பார்க்காமலும் போகலாம்.