விடுதலையான பிறகும் ஏன் ‘நிலுவை’?

பாம்பன் தம்பி ஒருவருக்கு வியாழக்கிழமை வேலை கைவிட்டுப் போய்விட்டது. தன் மேல் இருந்த வழக்கில் மூன்று வருடம் முன்பே விடுதலையானவர். நீதிமன்ற இணையதளத்தில் அந்த வழக்கு இன்னும் ‘நிலுவை’, அதாவது முடியாத வழக்கு. வேலை கைவிட்டுப் போய்விட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். வழக்கை ஏற்றுகிற வேகம் விடுதலையை ஏற்றும்போது எங்கே போகிறது? முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல உத்தரவு. விடுதலைக்கும் அப்படி ஒரு கெடு வேண்டாமா?

“குற்றவாளிக்கு வக்காலத்தா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடுதலையானவர் எப்படி ஐயா குற்றவாளி? “பதிவையே அழிக்கச் சொல்கிறாயா?” என்கிறார் இன்னொருவர். இல்லை. விடுதலையானவர் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கும் வழக்கில் 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சம்மதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அது தனி விவாதம். நான் அழிக்கச் சொல்லவில்லை, சரியாக எழுதச் சொல்கிறேன். ஆள் பற்றாக்குறை என்பதும் உண்மைதான். அதற்கான விலையை இவர் ஏன் கொடுக்க வேண்டும்?

எங்கள் கடற்கரையில் ஒரே தெருவில் நாலு முனியசாமி இருப்பார்கள். இனிஷியல்தான் ஆளைப் பிரிக்கும். படகு கட்டுகிற இடத் தகராறில் அப்பா மேல் ஒரு வழக்கு இருந்தது. விடுதலை ஆனார். தீர்ப்பு நகல் கேட்டு மனு போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, ராமநாதபுரத்துக்கு நாலு தடவை பஸ் ஏறினார். நாலும் டோக்கன் (மீன்பிடிக்கப் போக அனுமதிச் சீட்டு) போட்டுக் கடலுக்குப் போக வேண்டிய நாள். கடைசியில் கைக்கு வந்த நகலில் அப்பா பெயருக்கு முன்னால் இரண்டாம் எதிரியின், அதாவது அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவரின் இனிஷியல்! முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அப்பா அந்த ஒற்றை எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது சட்டம். கொடுக்கட்டும், அது அவர் உரிமை. விடுதலையானவர் மட்டும் ஏன் கேட்டு அலைய வேண்டும்? வருடக்கணக்கில் வாய்தாவுக்கு நடந்தவர் அவரும்தானே?

சரி தம்பி, அழாதே. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. வழக்கு எண்ணும் ஆதாரும் எடுத்துக்கொள். மனுவை நான் எழுதித் தருகிறேன். நகல் வாங்கியதும் இனிஷியலைப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும்.