எச். பைலோரியை உணவால் மட்டும் விரட்ட முடியாது
காரத்தை நிறுத்தி, முட்டைகோஸ் சாறும் தேனும் குடித்தால் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமி போய்விடும், மாத்திரை தேவையில்லை என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, நம்பி மருந்தை விடுபவர்களுக்கு ஆபத்தும்கூட. இந்தக் கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் புகுந்து, யூரியேஸ் நொதியால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு வாழ்கிறது. சாறு அதை ஒழிக்காது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் ஆன்டிபயாடிக்குகளும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் எடுக்க வேண்டும். வலி நின்றதும் பாதியில் விட்டால், மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

காரம் எரிச்சலைக் கூட்டினால் குறையுங்கள், சரி. ஆனால் நோய்க்குக் காரணம் காரமல்ல. சாப்பாட்டில் உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தந்திருந்தால் பாலோடு விழுங்காதீர்கள்; பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் மது வேண்டவே வேண்டாம். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை தரும்; சிலருக்குச் சேர்த்துத் தரும் பிஸ்மத் மருந்து மலத்தைக் கறுப்பாக்கும். இதற்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ அவசியம். அதற்கு 2 வாரம் முன்பே, மருத்துவர் சொல்படி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம்.