ஃபேட்டன் விற்காததற்கு வாங்காதவர்கள்தாம் குற்றவாளிகளா?

ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் விற்காமல் போன ஃபேட்டன் என்ற சொகுசுக் காரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், முகப்பில் உள்ள நிறுவனச் சின்னத்துக்கு மயங்குகிறவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை என்று வாங்காதவர்கள் மீதே பழி போடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது.

கார் மட்டம் என்று எவரும் சொல்லவில்லை. வெளியே 50 டிகிரி வெயிலில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடினாலும் உள்ளே 22 டிகிரி நிலைக்க வேண்டும் என்று நிறுவனத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் கட்டளையிட்டார். பொறியாளர்களும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் நடுவே கண்ணாடிச் சுவர்களோடு தொழிற்சாலை எழுந்தது. உதிரி பாகங்களைக் கொண்டுவரத் தனியாகச் சரக்கு டிராம்கூட ஓடியது. இவ்வளவுக்கும் பிறகு, 2002இல் விற்பனைக்கு வந்த காரின் வேகத்தை 250 கிலோமீட்டரில் கட்டுப்படுத்திவிட்டார்கள். அப்படியானால் அந்த 300 யாருக்காக?

வெளியிலிருந்து பார்த்தால் அது அதே நிறுவனத்தின் நடுத்தரக் காரான பாசாட்டைச் சற்றே நீட்டியது போலத்தான் இருந்தது. மெர்சிடிஸின் சொகுசுக் காரான எஸ் கிளாஸுக்குப் போட்டியாக விலை வைத்துவிட்டு, அமெரிக்காவில் கோல்ஃப், ஜெட்டா போன்ற சாதாரண ஃபோக்ஸ்வேகன் கார்களை விற்கும் அதே கடையில், அதே விற்பனையாளர்களை நம்பி நிறுத்தினார்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இன்னொரு சொகுசுக் காரான ஆடி ஏ8 ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளேயே ஏன் இன்னொரு போட்டியாளர் என்று தலைமையில் ஒருவராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டாமா? ஃபேட்டனின் அடித்தளத்தின் மேல் எழுந்த, அதே குழுமத்தின் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி என்ற சொகுசுக் கார் நன்றாகவே விற்றது என்பதால், பொறியியலின் தரத்தை மக்கள் மதிக்கவில்லை என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

அமெரிக்காவிலிருந்து 2006இல் பின்வாங்கினார்கள். ஆண்டுக்கு 20,000 கார்கள் செய்யலாம் என்று கணக்கிட்ட ஆலையிலிருந்து, 2016இல் உற்பத்தி நிற்கும்வரை மொத்தம் சுமார் 84,000தான் வெளிவந்தன.

எனக்கு மிகவும் வலிப்பது மறுவிற்பனை விலைதான். சில ஆண்டுகளிலேயே அது அதலபாதாளத்துக்குச் சரிந்தது. ஆனால் அத்தனை சிக்கலான இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவு மட்டும் உயர்தரக் காருக்குரியதாகவே நீடித்தது. நிறுவனத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்களே அந்த நட்டத்தைச் சுமந்தார்கள். அதைக் கண்டு ஒதுங்கி நின்றவர்களை ரசனையற்றவர்கள் என்று ஏசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.