ஏப்பம் விடும் தாத்தா

(மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கூடம். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன், பொத்தான்களுக்கு நடுவே பருப்பு காய்ந்து கிடக்கும் ரிமோட்டைக் கையில் வைத்திருக்கிறான்.)

மருமகன்: அத்தை, ‘ரிக் அண்ட் மார்ட்டி’ என்ற அமெரிக்கப் பொம்மைப்படத் தொடரின் எட்டாவது சீசனில் பத்துப் பகுதிகளையும் பார்த்து முடித்துவிட்டதாக என் இணையத் தொடர்க் கணக்கில் காட்டுகிறது. நான் இன்னும் முதல் பகுதியையே திறக்கவில்லை. இந்த வீட்டில் யார் உட்கார்ந்து அதைப் பார்த்தது?

அத்தை: வேறு யார், என் பேரன்தான். ஒரு பகுதி ஓடி முடிவதற்குள் ஒரு கிண்ணம் பருப்புச் சோறு இறங்கிவிடுகிறது. எடுத்தவர்கள் அளவறிந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

மருமகன்: மூன்று வயதுப் பிள்ளை பார்க்கிற தொடரா அது? ஏழாவது சீசன் 2023 டிசம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு 2025 மே 25ஆம் தேதி வரை உலகமெங்கும் வளர்ந்த மனிதர்கள் காத்துக் கிடந்து பார்த்தது, அத்தை.

அத்தை: மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று காத்துக் கிடப்பதற்கே எங்களுக்குப் பொழுது போதவில்லை. வளர்ந்தவர்கள் பொம்மைப் படத்துக்குக் காத்துக் கிடந்தார்கள் என்பதை வெளியில் சொல்லாதே.

மருமகன்: பொம்மையாக வரைந்துவிட்டால் அது பிள்ளைகளுக்கு என்று ஆகிவிடுமா? அதில் வரும் ரிக் என்ற தாத்தா பெரிய விஞ்ஞானிதான். ஆனால் எந்நேரமும் குடித்துக்கொண்டிருப்பார், நடுவில் ஏப்பம் விடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார்.

அத்தை: அந்த ஏப்பத்துக்காகத்தானே நான் அதைப் போடுவதே! முன்பெல்லாம் இவனைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போகும். இப்போது அவர் ஒன்று விட்டால் இவனும் ஒன்று விடுகிறான். சோறு செரித்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருக்கிறேன்.

மருமகன்: அத்தை, அது குடிகாரன் ஏப்பம்.

அத்தை: உன் மாமா குடிக்காமலேயே அதைவிடப் பெரிதாக விடுகிறார். அதுவும் போகட்டும், அந்தத் தாத்தா பேரனை விண்வெளிக்கு அழைத்துக்கொண்டு போகிறார். உன் மாமா இவனை மன்னார்குடிக் கடைத்தெருவுக்காவது அழைத்துப் போயிருப்பாரா?

மருமகன்: அழைத்துப் போகிற லட்சணத்தைக் கேளுங்கள். முதல் சீசனின் முதல் பகுதியிலேயே வேறோர் உலகத்திலிருந்து விதைகளை எடுத்துக்கொண்டு...

அத்தை: விதையா? என்ன ரகம்?

மருமகன்: ரகம் கிடக்கட்டும். சுங்கச் சோதனையில் அகப்படாமல் இருப்பதற்காக, அந்த விதைகளைப் பதினான்கு வயதுப் பேரனின் உடம்புக்குள், என் வாயால் சொல்லக் கூசுகிற ஓர் இடத்தில், ஒளித்துக்கொண்டு வரச் சொல்கிறார்.

அத்தை: (சற்று யோசித்து) முளைப்புத் திறன் எப்படி இருந்தது?

மருமகன்: அத்தை! ஆறாவது பகுதியில் இருவரும் தங்கள் உலகத்தையே பாழாக்கிவிட்டு இன்னோர் உலகத்துக்கு ஓடிப் போகிறார்கள். அங்கே செத்துக் கிடக்கும் தங்கள் பிணங்களைத் தாங்களே வீட்டுக் கொல்லையில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள்.

அத்தை: அதை நானும் பார்த்தேன். தென்னங்கன்று வைக்கிறார்கள் என்றல்லவா இவனுக்குச் சொன்னேன்? குழியின் ஆழம்கூடச் சரியாகத்தான் இருந்தது.

மருமகன்: சரி, 2018இல் எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது வாங்கிய பகுதியைச் சொல்கிறேன். குடும்பத்தோடு மனநல ஆலோசனைக்குப் போக மனமில்லாமல் அந்தத் தாத்தா தன்னை வெள்ளரிக்காய் ஊறுகாயாக மாற்றிக்கொள்கிறார். சாக்கடையில் விழுந்து, அங்கேயுள்ள எலிகளைக் கொன்று, அவற்றின் உடம்பிலிருந்து தனக்குக் கைகால் செய்துகொள்கிறார்.

அத்தை: எலியைக் கொல்கிறாரா? அப்படியென்றால் அவரை ஒரு நடை நம் வயலுக்கு வரச் சொல். இந்தச் சம்பாவில் தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறியை வரப்பு வரப்பாக வைத்தும் எலிகள் கதிரை வெட்டித் தள்ளிவிட்டன.

மருமகன்: உங்களிடம் நான் தொடரைக் கண்டிக்கிறேனா, சிபாரிசு செய்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

அத்தை: ஒன்று கேட்கிறேன். நடுவில் அந்தத் தாத்தாவின் ஏப்பம் கொஞ்சம் மாறின மாதிரி இருந்ததே, உடம்பு சரியில்லையா?

மருமகன்: குரல் கொடுப்பவர் மாறிவிட்டார். முதல் ஆறு சீசன்களில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒருவரே பேசினார். 2023இல் வந்த ஏழாவது சீசனிலிருந்து இயன் கார்டோனி தாத்தாவுக்கும், ஹாரி பெல்டன் பேரனுக்கும் பேசுகிறார்கள்.

அத்தை: ஏப்பம் விட ஆள் எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மாமாவை அனுப்பியிருப்பேனே.

மருமகன்: விளையாடாதீர்கள். தொடர் தொடங்கும்போது திரையின் மூலையில் எந்த வயதினருக்கு என்று ஒரு குறி வருமே, அதைக் கவனிக்கவில்லையா? 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளின்படி இணையத் தொடர்களை வயதுவாரியாக ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் உரியவை என்றால் பெற்றோர் பூட்டுப் போடுவதற்கு வசதி இருக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது.

அத்தை: பூட்டு இருக்கிறதா?

மருமகன்: இருக்கிறது, அத்தை.

அத்தை: அது உனக்குத் தெரியுமா?

மருமகன்: தெரியும்.

அத்தை: போன பொங்கலுக்கு வந்தபோது உன் கணக்கை இந்தப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, “எல்லாம் ஓடும் அத்தை, அழுத்தினால் போதும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியது யார்? பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் அடித்திருப்பார்கள். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு என்று எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் தெளிப்பானையே கையில் கொடுப்போம். நீ இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டு, இப்போது விதியின் ஆண்டைச் சொல்கிறாய்.

(மருமகனிடம் இதற்குப் பதில் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள், விடுமுறைக்கு வந்து பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும் உறவினர்களைப் பார்த்திராதவர்கள்.)

மருமகன்: சரி, இப்போதே பூட்டிவிடுகிறேன். பூட்டிவிட்டேன்.

அத்தை: மகராசனாக இரு. இந்தா கிண்ணம். இவன் அம்மா பள்ளிக்கூட வேலை முடிந்து வர மணி ஆறாகும். எனக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு பிடிச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான், கோபப்படாதே. கதை சொல்லிக்கொண்டே ஊட்டினால் விழுங்கிவிடுவான்.

மருமகன்: கதையா? எனக்கு என்ன கதை தெரியும்? ... கண்ணா, இங்கே பார். ஓர் ஊரில் ஒரு தாத்தா இருந்தாராம். அவர் ஒரு நாள் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வேறோர் உலகத்துக்குப் போனாராம். அங்கே பெரிய மரம் ஒன்று இருந்ததாம், அதில் நிறைய விதைகள் இருந்தனவாம்...

அத்தை: (மாட்டுக் கொட்டகையிலிருந்து) விதையை ஒளித்துவைத்த இடத்தை மட்டும் மாற்றிச் சொல்லப்பா. சட்டைப்பை என்று சொல்.