பைசனை ஒரே வார்த்தையில முடிக்காதீங்க

திருமங்கலம் அண்ணே, நம்ம விமானப்படையோட மிக்-21 போர் விமானத்துல மேம்படுத்துன ரகமான பைசனைப் 'பறக்கும் சவப்பெட்டி'ன்னு எழுதியிருக்கீங்க. மனசு கேக்கல. நாசிக்ல இருக்குற எச்ஏஎல் அரசு விமானத் தொழிற்சாலையில புதுசா மாத்துனது கோப்யோ ரேடார், ஹெல்மெட் குறிநோக்கி, ஆர்-73, ஆர்-77 ஏவுகணை. 57 டிகிரி சாஞ்ச முக்கோண 'டெல்டா' இறக்கையும் ஒத்தை ஆர்-25 எஞ்சினும் பழசுதான். சின்ன இறக்கை, மெதுவாப் போனா தூக்காது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வந்துதான் இறங்கணும். வால் பாராசூட் விரியலேன்னா, நம்ம மதுரை ஓடுபாதை மாதிரி சுமார் 2,300 மீட்டர்ல மொத்தப் பாரமும் பிரேக் மேலதான். எஞ்சினுக்குள்ள பறவை சிக்கினா கைகொடுக்க இன்னொண்ணு இல்ல. இப்பேர்ப்பட்ட வேகத்துக்குப் பழக்குற ஹாக் பயிற்சி விமானமே 2008-லதான் வந்துச்சு. விபத்துக் கணக்குல அந்தத் தாமதத்தையும் சேருங்கண்ணே. 2025 செப்டம்பர் 26-ல சண்டிகர்ல விடைகொடுத்தது, மொத்தமா 62 வருசம் உழைச்ச மிக்-21 வண்டிக்கு.