லொகேஷன் அனுப்பினால் போதுமா?

யாரோ இறக்கிவிட்டுப் போன ஒரு லாப்ரடார் நாய், கழுத்தில் பெல்ட்டோடு பைபாஸ் ஓரம் திகைத்து நிற்கிறது. போட்டோ எடுத்து, லொகேஷன் போட்டு, "யாராவது காப்பாத்துங்க" என்று குரூப்பில் பகிர்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த "யாராவது" பெரும்பாலும், வாடகை வீட்டில் ஏற்கெனவே ஏழெட்டு நாய்களோடு, வீட்டு ஓனரிடம் தினம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவராகத்தான் இருப்பார். தூக்கிவர ஆள் கிடைத்துவிடும், வைத்துக்கொள்ளத்தான் இடம் இருக்காது. கண்ணில் பட்டவரே முதல் மூன்று நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். கார் ஷெட்டில் நிழலாக ஒரு மூலை போதும்.

கிட்டே போகும்போது கண்ணுக்குக் கண் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தள்ளிப் போடுங்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோக வேண்டாம். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டாக வேண்டும். தொலைந்துபோன நாயாகவும் இருக்கலாம். சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறையப் பேர் தவறுவது சாப்பாட்டில். எலும்பும் தோலுமாக வந்ததே என்று தட்டு நிறையச் சோறு வைத்துவிடுகிறார்கள். பல நாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கும், இதயம் தாங்காது. "நல்லாத்தான் சாப்பிட்டுச்சு, ரெண்டாம் நாள் போயிடுச்சு" என்று அழுவது பல நேரம் இப்படி நடப்பதுதான். உப்பில்லாமல் வேகவைத்த கோழி கூடுதலாக, குழைந்த சோறு கொஞ்சமாக, ஒரு கைப்பிடி அளவு, நாளைக்கு ஐந்தாறு தடவை. பால் வேண்டாம், பேதியாகும்.

பெல்ட்டைக் கட்டாயம் பாருங்கள். குட்டியில் மாட்டியதைத் தளர்த்தாமலே விட்டிருப்பார்கள். நாய் வளர வளர அது தோலை அறுத்து உள்ளே போய், மேலே சதை மூடியிருக்கும். வெளியே முடி மட்டும் தெரியும், நாற்றம்தான் காட்டிக்கொடுக்கும். இழுத்துவிடாதீர்கள், மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் எடுக்க வேண்டும். புழு வைத்திருந்தால் ஃபினைல், மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. புண் வெந்துபோகும், நக்கினால் அதுவே விஷம்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 28 நாள் எழுதுவார்கள். ஐந்தாம் நாள் வாலாட்டுகிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் காய்ச்சல் திரும்ப வரும்.

முலைக்காம்புகள் தொங்கிப்போன பெண் நாய் என்றால் நெஞ்சு பதறுகிறது. குட்டி போட வைத்தே தேய்த்துவிட்டு, இனி பிரயோஜனமில்லை என்று இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பின்பக்கம் சீழ் வடிந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கும், ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. கருத்தடை செய்யாமல் தரமாட்டோம் என்று மீட்பவர்கள் அடம்பிடிப்பதும், வீட்டை வந்து பார்ப்பதும் இதனால்தான். இலவசமாகக் கிடைக்கும் ஜாதி நாய்க்கு முதலில் போன் செய்பவர்களில் குட்டி வியாபாரிகளும் உண்டு. இப்படி விசாரிப்பதற்காக மீட்பவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று கமென்ட் போடுவது அநியாயம்.

சட்டமா? நாயை இப்படிக் கைவிட்டால், 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இந்தக் காலத்தில் இது யாரைத் தடுக்கும்?

மூன்று நாளுக்குப் பிறகு ஒருவரிடம் ஒப்படைத்தாலும் கிளினிக் பில்லில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். கார் இருந்தால் அடுத்த செக்கப்புக்கு நீங்களே கூட்டிப்போங்கள். பெரிய நாயை ஏற்ற ஆட்டோ லேசில் கிடைக்காது.